'பெர்ல்(தி) வேண்டும்' என்று பேக்கேஜ் அடம்பிடித்தால்: இல்லாத சார்புகளைக் கண்டுபிடித்து நீக்குவது

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலை. குறுவை அறுவடை நேரம். வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எடைமேடைக் கணினியில் ரசீது போடும் மென்பொருளின் புது வெர்ஷனை ஏற்றச் சொல்லி முந்தின நாள் அனுப்பியிருந்தேன். காலையில் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, ஏத்த மாட்டேங்குது. பெர்ல் தி வேணும்னு கேக்குது. அது எங்க கிடைக்கும்?"

எங்கேயும் கிடைக்காது. பெர்ல் என்பது நிரல் மொழி, அதற்கான நூலகக் கோப்புதான் மாட்யூல். 'தி' என்று ஒரு மாட்யூல் உலகத்திலேயே இல்லை. ஆனால் என் பேக்கேஜ் அதைக் கேட்டது உண்மை. ஃபெடோரா, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ்களில் பேக்கேஜைக் கட்டவும் நிறுவவும் உதவும் கருவி ஆர்பிஎம். நான் எழுதாத ஒரு தேவையை அது தானாகவே எழுதி வைத்திருந்தது.

ஒரு பேக்கேஜ் ஓட வேறு எது வேண்டும் என்பதுதான் சார்பு. இந்த மாதிரிப் பொய்ச் சார்புகளை அறிகுறியை வைத்து எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் மேக்ரோ பெயர்களையும் (ஆர்பிஎம் அமைப்புகளைக் குறிக்கும் பெயர்கள்) உச்சரிப்பாகத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆர்பிஎம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பேக்கேஜைக் கட்டி முடிக்கும் நேரத்தில், உள்ளே போகிற ஒவ்வொரு கோப்பையும் அது புரட்டிப் பார்க்கிறது. கோப்பு என்ன வகை, எந்தப் பாதையில் இருக்கிறது, இயக்க அனுமதி உண்டா என்று பார்த்து, அதற்குரிய சின்ன நிரலிடம் ஒப்படைக்கிறது. 2011இல் வந்த ஆர்பிஎம் 4.9 முதல் இந்த விதிகள் /யூஎஸ்ஆர்/லிப்/ஆர்பிஎம்/ஃபைல்ஆட்டர்ஸ் என்ற அடைவில் மொழிக்கு ஒரு கோப்பாக இருக்கின்றன. கம்பைல் செய்த பைனரி என்றால் கவலை இல்லை. எந்த லைப்ரரி வேண்டும் என்று பைனரிக்குள்ளேயே எழுதியிருக்கும், அதைப் படித்தால் போதும். ஸ்கிரிப்ட் அப்படி இல்லை. பெர்ல் கோப்பைப் பார்க்கும் 'பெர்ல்.ரெக்' என்ற நிரலுக்குப் பெர்ல் இலக்கணம் தெரியாது. வரியின் தொடக்கத்தில் 'யூஸ்' அல்லது 'ரெக்வயர்' என்ற சொல் வந்தால், அடுத்து நிற்கும் சொல்லை மாட்யூல் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் அறிவு.

அறிகுறி: 'பெர்ல்(தி)', 'பெர்ல்(யுவர்)' போல மாட்யூல் பெயராகவே இருக்க முடியாத ஒன்றைக் கேட்கிறது

எந்தக் கோப்பு கேட்கிறது என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். பேக்கேஜை நிறுவாமலே கேட்டுப் பார்க்கலாம்:

ஆர்பிஎம் -க்யூபி --ஃபைல்ரெக்வயர் ஆலை-ரசீது.ஆர்பிஎம் | கிரெப் 'பெர்ல்(தி)'

கோப்பு வாரியாகச் சார்புகள் வந்துவிடும். எனக்கு வந்தது ரசீது அச்சிடும் ஸ்கிரிப்ட். அதைத் திறந்து, வரித் தொடக்கத்தில் 'யூஸ் தி' எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஸ்கிரிப்ட்டின் கடைசியில், உதவிக் குறிப்பில் இருந்தது. முன்பு யாரோ ஆங்கிலத்தில் எழுதி வைத்த நாலு வரி. இரட்டை மேற்கோளுக்குள் ஒரே நீளச் சரமாக, நடுவில் வரி உடைத்து எழுதியிருந்தார்கள். மூன்றாவது வரி 'யூஸ் தி வேபிரிட்ஜ் ஸ்லிப் நம்பர்' என்று தொடங்கியது. எடைச்சீட்டு எண்ணைப் போடு என்று மனிதனுக்குச் சொன்ன அறிவுரை. பெர்ல்.ரெக் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

பெர்ல்.ரெக்கை எழுதியவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். 'யூஸ் ஆஃப்' என்று வந்தால் கண்டுகொள்ளாதே என்று பெர்ல்.ரெக்கிலேயே ஒரு வரி உண்டு. கிம்ப்-பெர்ல் என்ற நிரலில் அப்படி வருகிறது என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். பெயர் காற்புள்ளியில் முடிந்தால் அது ஆவண வாக்கியமாக இருக்கும் என்று விட்டுவிடவும் சொல்லியிருக்கிறார்கள். பாட் எனப்படும் பெர்லின் ஆவணப் பகுதியையும் ஹியர்-டாக் (பல வரிச் சரம்) வடிவங்கள் சிலவற்றையும் தாண்டிப் போகும். ஆனால் எல்லா ஓட்டையையும் அடைக்க முடியுமா? 'ஆஃப்' அடைபட்டது, 'தி' திறந்தே கிடக்கிறது.

தீர்வு இரண்டு வினாடி வேலை. வரியை மடக்கும் இடத்தை மாற்றி, 'யூஸ்' என்ற சொல் வரித் தொடக்கத்தில் வராமல் செய்யுங்கள். முன்னால் இடைவெளி விட்டால் போதாது, வெற்றிடத்தைத் தாண்டியும் அது பார்க்கும். ஒரு சொல்லோ ஒரு கோடோ முன்னால் நின்றால்தான் தப்பிக்கலாம்.

நான் அதைச் செய்யவில்லை. உதவிக் குறிப்பு முழுவதையும் தமிழில் எழுதிவிட்டேன். 'எடைச்சீட்டு எண்ணைக் கொடுக்கவும்' என்ற வரியைப் பார்த்து எந்த பெர்ல்.ரெக்கும் ஏமாறாது. கணக்குப்பிள்ளைக்கும் முதல் முறையாக அந்தத் திரை புரிந்தது. இதை நாலு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

அறிகுறி: இல்லாத பெர்ல் வெர்ஷனைக் கேட்கிறது

மேலே உள்ளதற்கு இது பங்காளி. 'யூஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் எண் வந்தால், அந்த வெர்ஷனுக்குக் குறையாத பெர்ல் வேண்டும் என்று பொருள். பெர்லின் சொந்த வழக்கம் அது. நம் பக்கம் கொள்முதலில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. ஈரமானி ரீடிங் இல்லாவிட்டால் 17 என்று போடு எனச் சொல்லும் வரி ஒன்று அதே உதவிக் குறிப்பில் இருந்தது. 'யூஸ் 17' என்று தொடங்கும் வரி. பேக்கேஜ் பெர்ல் 17 கேட்டது. பெர்ல் இன்னும் ஐந்தாம் வரிசையிலேயே இருக்கிறது. வரியை மாற்றினால் தீர்ந்தது.

அறிகுறி: /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பெர்ல் வேண்டும், சி-ஷெல் வேண்டும் என்று ஏதோ ஒரு பாதையைக் கேட்கிறது

இது ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலிருந்து, அதாவது ஷிபாங்கிலிருந்து வருவது. இயக்க அனுமதி உள்ள எந்த ஸ்கிரிப்ட்டிலும் ஷிபாங்கில் இருக்கும் பாதை அப்படியே சார்பாக ஏறிவிடும். 'இயக்க அனுமதி உள்ள' என்பதைக் கவனியுங்கள். திறவுகோல் அதுதான்.

உங்கள் முக்கிய ஸ்கிரிப்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும். வில்லன் டாக் அடைவில் ஒளிந்திருப்பான். யாரோ மாதிரிக்காகப் போட்டு வைத்த பழைய ஸ்கிரிப்ட், 'எக்ஸாம்பிள்ஸ்' அடைவில் தூங்கும் ஒன்று, மூலப் பொதியோடு சேர்ந்து வந்த சோதனை நிரல். யாரும் ஓட்டப் போவதில்லை, ஆனால் அனுமதி 755 (இயக்கலாம்) என்று இருக்கும். ஆர்பிஎம் அதை நம்பிவிடும்.

எனக்கு இது பென்டிரைவ் வழியாக வந்தது. ஆலையிலிருந்து பழைய கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வந்து மூல அடைவில் கொட்டினேன். ஃபேட் வடிவில் இருக்கும் பென்டிரைவில் யூனிக்ஸ் அனுமதி என்ற ஒன்றே கிடையாது. அதனால் மவுண்ட் செய்யும்போது கணினி எல்லாக் கோப்புக்கும் ஒரே அனுமதியைப் போட்டுக் காட்டும். என் கணினியில் அது 755. வாசிக்க வைத்திருந்த குறிப்புக் கோப்புகூட இயக்கத்தக்க கோப்பாகிவிட்டது!

தீர்வு: பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதும் ஸ்பெக் கோப்பில், மூலத்தைத் தயார் செய்யும் %பிரெப் பகுதியிலேயே ஆவணங்களுக்கும் மாதிரிகளுக்கும் சிஹெச்மாட் 644 (இயக்க அனுமதியை எடுப்பது) போட்டுவிடுங்கள். மாதிரி ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்க நினைப்பவர் அதன் முன்னால் 'பெர்ல்' என்று சேர்த்து ஓட்டிக்கொள்வார். ஷிபாங்கையும் 'பெர்ல்(தி)' மாதிரி யூஸ் வரிகளையும் இது ஒரே வீச்சில் அடைக்கும், ஏனென்றால் பெர்ல் ஸ்கிரிப்ட்டுக்கான விதியும் இயக்க அனுமதி உள்ள கோப்புகளை மட்டுமே பார்க்கும்.

ஆனால் .பிஎம் என்று முடியும் மாட்யூல் கோப்புகளுக்கு இது பலிக்காது. அவற்றுக்கு இயக்க அனுமதி எப்போதுமே தேவையில்லை, ஆர்பிஎம்மும் அதைப் பார்ப்பதில்லை. பெயரையும் வகையையும் வைத்தே எடுத்துக்கொள்ளும். அனுமதியை மாற்றிவிட்டு "இன்னும் வருதே" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் .பிஎம் கோப்பில்தான் மாட்டியிருப்பார்கள்.

அறிகுறி: நம் பேக்கேஜ் நன்றாக ஏறுகிறது, ஆனால் வேறொரு நிரல் உடைகிறது

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான், ஏனென்றால் நிறுவும் நேரத்தில் சத்தமே இருக்காது.

ஆர்பிஎம் தேவைகளை மட்டும் எழுதுவதில்லை. 'நான் இதைத் தருகிறேன்' என்று அளிப்புகளையும் தானாக எழுதும். .பிஎம் கோப்புக்குள் 'பேக்கேஜ் இன்னது' என்ற வரியைப் பார்த்தால், அந்த மாட்யூலை நீங்கள் ஊருக்கே தருவதாகப் பதிவு செய்துவிடும். கோப்பு எந்த அடைவில் இருக்கிறது, பெர்ல் அங்கே தேடுமா என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது.

ரசீது மென்பொருளுக்காக, சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கும் டெக்ஸ்ட்::சிஎஸ்வி மாட்யூலின் ஒரு பிரதியை நான் கொஞ்சம் மாற்றி, எங்கள் சொந்த அடைவில் வைத்திருந்தேன். ஸ்கிரிப்ட் ஓடும்போது அந்த அடைவைச் சேர்த்துக்கொள்ளும், மற்ற எந்த நிரலுக்கும் அது தெரியாது. பேக்கேஜோ 'பெர்ல்(டெக்ஸ்ட்::சிஎஸ்வி) என்னிடம் இருக்கிறது' என்று அறிவித்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அதே கணினியில் வேறொரு நிரலை டிஎன்எஃப் (சார்புகளையும் சேர்த்து இறக்கி நிறுவும் கருவி) மூலம் நிறுவினோம். அதற்கு நிஜமான டெக்ஸ்ட்::சிஎஸ்வி தேவை. டிஎன்எஃப் பார்த்தது: ஏற்கனவே இருக்கிறதே, இறக்க வேண்டியதில்லை. நிறுவல் சுத்தமாக முடிந்தது. நிரலை ஓட்டியதும், டெக்ஸ்ட் அடைவின் சிஎஸ்வி.பிஎம் கிடைக்கவில்லை என்று விழுந்தது. 'கிடைக்கவில்லை' என்று பெர்ல் சொல்கிறது, 'இருக்கிறது' என்று ஆர்பிஎம் சாதிக்கிறது. இரண்டும் அதனதன் கணக்கில் சரி. அரை நாள் போயிற்று.

கண்டுபிடிக்க:

ஆர்பிஎம் -க்யூ --வாட்புரொவைட்ஸ் 'பெர்ல்(டெக்ஸ்ட்::சிஎஸ்வி)'

பதிலில் உங்கள் பேக்கேஜ் பெயர் வந்தால் குற்றவாளி நீங்கள்தான்.

தீர்வு, ஸ்பெக் கோப்பின் தலைப்பகுதியில் __புரொவைட்ஸ்_எக்ஸ்க்ளூட்_ஃப்ரம் என்ற மேக்ரோவில் அந்தத் தனி அடைவின் பாதையைக் கொடுப்பது. அந்த அடைவிலிருந்து எந்த அளிப்பும் பதிவாகாது.

ஆனால் இங்கே நிறுத்தினால் அடுத்த குழியில் விழுவீர்கள். நான் விழுந்தேன். உங்கள் ஸ்கிரிப்ட் 'யூஸ் ஆலை::ரசீது' என்று சொந்த மாட்யூலைக் கேட்கிறது, அதனால் பேக்கேஜுக்கு பெர்ல்(ஆலை::ரசீது) தேவை என்று பதிவாகியிருக்கும். இதுவரை அந்தத் தேவையை உங்கள் பேக்கேஜின் அளிப்பே தீர்த்து வைத்தது. அளிப்பை வடிகட்டியதும் தீர்க்க ஆளில்லை. தன் மாட்யூலைத் தானே கேட்டு, தனக்கே இல்லை என்று சொல்லும் பேக்கேஜ் தயார். ஆகவே சொந்த மாட்யூல் பெயர்களைத் தேவைப் பக்கமும் வடிகட்டுங்கள். இரண்டும் எப்போதும் ஜோடி. டெக்ஸ்ட்::சிஎஸ்வி போன்ற பொதுப் பெயரிலும் இதே கதைதான். தேவையை வடிகட்டாவிட்டால், நீங்கள் பயன்படுத்தாத நிஜ மாட்யூலையும் சும்மா இழுத்து வரும்.

அறிகுறி: வடிகட்டி போட்டேன், அப்படியே இருக்கிறது

மூல வரியைத் திருத்த முடியாத இடத்தில்தான் வடிகட்டி. வேறொருவர் எழுதிய நிரல், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க முடியாது என்றால் போடலாம். உருவம் இப்படி:

%குளோபல் __ரெக்வயர்ஸ்_எக்ஸ்க்ளூட் ^பெர்ல்\\(தி\\)$

பிடிக்காமல் போவதற்கு நான் கண்ட காரணங்கள் சில. ஒன்று, பின்சாய்கோடு. மேக்ரோ விரியும்போது ஒரு சாய்கோடு கரைந்துவிடும், அதனால்தான் இரண்டிரண்டாகப் போட்டிருக்கிறது. கண்ணைக் கட்டும் என்றால் அடைப்புக்குறியைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள், [(] என்று. சாய்கோடே தேவைப்படாது, நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

அப்புறம் கடைசியில் நிற்கும் டாலர் குறி. சார்பு வெர்ஷனோடு பதிவாகியிருந்தால், 'பெர்ல்(டெக்ஸ்ட்::சிஎஸ்வி) >= 1.2' என்ற முழு வரியோடுதான் ரெஜெக்ஸ் (நீங்கள் கொடுத்த தேடல் வடிவம்) பொருத்திப் பார்க்கப்படும். மூடும் அடைப்புக்குறியோடு முடிகிற வரியைத் தேடும் உங்கள் டாலர் அங்கே தோற்றுவிடும். டாலரை எடுத்துவிடுங்கள்.

ஒரே மேக்ரோவை இரண்டு இடத்தில் எழுதினால் பின்னது முன்னதை அழித்துவிடும். இரண்டாவது பெயரை நேர்க்கோடு (|) போட்டு முதல் வரியிலேயே சேர்க்க வேண்டும். ஃபெடோரா ஸ்பெக்கில் பெர்ல்_டிஃபால்ட்_ஃபில்டர் என்று ஒன்று ஏற்கனவே இருந்தால் இதே மோதல் அங்கேயும் வரும்.

ஸ்பெக் பழையது என்றால், _யூஸ்_இன்டர்னல்_டிபெண்டன்சி_ஜெனரேட்டர் என்ற பெயருக்கு எதிரே 0 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் பழைய பாதையில் போகிறீர்கள், புது வடிகட்டி மேக்ரோக்களை அங்கே யாரும் படிப்பதில்லை. அந்த வரியை நீக்குங்கள்.

பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து 'ஆட்டோரெக்: நோ' (சார்புகளைத் தானாகத் தேடாதே) என்று எழுதிவிடுவார்கள். நானும் ஒரு முறை எழுதினேன். பொய்ச் சார்பு போயிற்று, நிஜச் சார்புகளும் எல்லாம் சேர்ந்து போயின. களை எடுக்கப் போய் நாற்றையும் பிடுங்கின கதை. புதுக் கணினியில் பேக்கேஜ் வெண்ணெய் போல ஏறி, முதல் ரசீதிலேயே கவிழ்ந்தது. நிறுவும்போது --நோடெப்ஸ் (சார்புகளைப் பார்க்காதே) போட்டு ஏற்றுவதும் இதே ரகம்தான். அன்று காலை கணக்குப்பிள்ளைக்கு நான் போனில் சொன்னது அதுதான், மறுக்கவில்லை. வண்டிகள் நிற்கும்போது வேறு வழி தோன்றாது. சாயங்காலமே சரியான பேக்கேஜை அனுப்பிவிட்டேன்.

அறிகுறி: வர வேண்டிய சார்பு வரவில்லை

தலைகீழ் நோய். ஃபெடோராவிலும் ரெட் ஹேட் 8 முதல் வந்த குடும்பத்திலும் பெர்ல் சார்புகளைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் பெர்ல்-ஜெனரேட்டர்ஸ் என்ற தனிப் பேக்கேஜில் இருக்கின்றன. பில்ட்ரெக்வயர்ஸில் (கட்டும்போது தேவைப்படுபவற்றின் பட்டியல்) அதைச் சேர்க்காவிட்டால் பெர்ல் மாட்யூல் எதுவுமே பதிவாகாது. பட்டியல் சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, நிரல் ஓடும்போது ஈவல் (பிழை வந்தாலும் நிரலை நிறுத்தாத பெர்ல் சொல்) போட்டுக் கூப்பிடும் மாட்யூல்கள். வரி 'ஈவல்' என்று தொடங்குவதால் பெர்ல்.ரெக்கின் கண்ணில் படாது. உள்தள்ளி எழுதிய 'ரெக்வயர்' வரியையும் அது வேண்டுமென்றே விட்டுவிடும், ஏனென்றால் அவை பெரும்பாலும் ஏதாவது நிபந்தனைக்குள் இருப்பவை. கட்டாயம் வேண்டிய மாட்யூல் என்றால் ஸ்பெக்கில் கையால் எழுதுங்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும் என்றால் 'ரெக்கமெண்ட்ஸ்' போதும்.

ஷிபாங்கில் /யூஎஸ்ஆர்/பின்/என்வ் வழியாக மொழியைக் கூப்பிட்டால் சார்பு 'என்வ்' மேல் விழும், மொழியின் மேல் விழாது. ஃபெடோராவும் ரெட் ஹேட் 8 முதல் வந்த குடும்பமும் கட்டும் நேரத்திலேயே அதை நேர்ப் பாதையாக மாற்றிவிடுகின்றன. மற்ற இடங்களில் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

டெபியன், உபுண்டு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே டிஹெச்_பெர்ல் 'பெர்ல் வேண்டும்' என்ற அளவில் நின்றுவிடும், யூஸ் வரிகளைத் துருவிப் பார்க்காது. பொய் வராது, மெய்யும் வராது. மாட்யூல் பேக்கேஜ்களின் பெயரைக் கன்ட்ரோல் கோப்பில் கையால் எழுதியாக வேண்டும்.

எந்த அறிகுறிக்கு மருந்து போட்டாலும், அனுப்பும் முன் இரண்டு வேலை செய்கிறேன். வெறும் கண்டெய்னர் (எதுவும் நிறுவாத தனிச் சூழல்) ஒன்றில் நிறுவிப் பார்ப்பேன். என் மடிக்கணினியில் எல்லா மாட்யூலும் கிடப்பதால் அங்கே எதுவும் பிழையாகத் தெரியாது. அப்புறம், பழைய பேக்கேஜுக்கும் புதியதற்கும் --ரெக்வயர்ஸ், --புரொவைட்ஸ் பட்டியல்களை எடுத்து டிஃப் (வேறுபாடு காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பேன். போன வாரம் சம்பாவுக்கான வெர்ஷனை அப்படி ஒப்பிட்டபோது மூன்று வரி கூடியிருந்தது. ஒன்று பார்கோடு மாட்யூல், நானே சேர்த்தது. ஒன்று 'பெர்ல்(யுவர்)', புதிதாகச் சேர்த்த நூலகக் கோப்பின் குறிப்பிலிருந்து வந்தது. மூன்றாவது கே-ஷெல், மறுபடியும் பென்டிரைவ்.